இகுவாசு: விலைக்குக் கிடைக்கும் விடியற்காலை

பயணத்தில் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கேட்டால், நிறைய ஊர் சுற்றியவர்கள் முதலில் கை வைப்பது தங்கும் அறையில்தான். இரவு போய்ப் படுத்துவிட்டுக் காலையில் கிளம்பிவிடப் போகிற இடத்துக்கு எதற்கு அவ்வளவு வாடகை என்பார்கள். பெரும்பாலான ஊர்களுக்கு அது சரியான கணக்கு. பாரிசிலோ இஸ்தான்புல்லிலோ பார்க்கவேண்டியதெல்லாம் தெருவில் இருக்கிறது. இரவானாலும் தெருவை யாரும் பூட்டுவதில்லை. பேரருவிகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. தென் அமெரிக்காவின் இகுவாசுவை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். அங்கே தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் ஓட்டலில், கையைக் கடிக்கிற வாடகை கொடுத்தாவது ஓர் இரவு தங்குவது நியாயமான செலவு. அந்தப் பணம் மெத்தைக்கும் நீச்சல்குளத்துக்கும் ஜன்னல் காட்சிக்கும் போகிறது என்று நினைத்தால் செலவு தண்டம். பூங்கா வாயில் மூடிய பிறகும் மறுநாள் திறப்பதற்கு முன்பும் அருவியோடு இருக்கக் கிடைக்கும் நேரம்தான் அங்கே விலைக்கு வருகிறது. அந்த நேரத்தைத் தராத அருவியோர ஓட்டலுக்கு அதே தொகையைக் கொடுக்கக் கூடாது என்பதும் இந்த வாதத்தின் பகுதிதான்.

இகுவாசு ஆறு பிரேசிலின் பரானா மாநிலத்துக்கும் அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்துக்கும் நடுவே எல்லையாக ஓடுகிறது. பரானா ஆற்றில் கலப்பதற்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் முன்னால், 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு விளிம்பிலிருந்து விழுகிறது. தண்ணீர் வரத்தைப் பொறுத்து 275 வரை தனித்தனி அருவிகளாக எண்ணுகிறார்கள். உயரமான இடத்தில் வீழ்ச்சி 80 மீட்டரைத் தொடும். 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட் பாறைதான் அடித்தளம். அதனால் பல இடங்களில் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக விழுவதில்லை. ஒரு படியில் மோதி நுரைத்து, அங்கிருந்து அடுத்த படிக்குச் சரிகிறது. மழைக்குப் பிறகு மேட்டுநிலச் செம்மண் கரைந்து வந்தால் அத்தனை அருவியும் செங்காவி நிறமாகிவிடும். நடுவில், குதிரை லாட வடிவக் குழிக்குள் மூன்று புறமிருந்தும் ஆறு கவிழ்கிற இடத்துக்குச் சாத்தானின் தொண்டை என்று பெயர். அருவிகளில் ஐந்தில் நான்கு பங்கு அர்ஜென்டினா மண்ணில் இருக்கிறது. ஆகவே அந்தக் கரையில் அருவிகளின் தலைமேலும் காலடியிலும் நடக்கலாம்; முழு வரிசையையும் எதிரே நின்று பார்ப்பதற்குப் பிரேசில் கரைக்குத்தான் வரவேண்டும். இரு கரையிலும் உள்ள தேசியப் பூங்காக்களுக்குள் கரைக்கு ஒன்றாக இரண்டே ஓட்டல்கள். பிரேசில் பக்கம், 1958இல் திறந்த ஹோட்டல் தாஸ் கட்டராட்டாஸ்: போர்ச்சுகீசியக் காலனி பாணியில் இளஞ்சிவப்புச் சுவர்கள், எதிரே சாலையைக் கடந்தால் அருவிப் பாதை. அர்ஜென்டினா பக்கம், முன்பு ஷெரட்டன் என்ற பெயரில் நடந்து இப்போது கிரான் மெலியா ஆகியிருக்கும் ஓட்டல். மற்றதெல்லாம் சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஃபோஸ் டோ இகுவாசு, புவெர்ட்டோ இகுவாசு ஆகிய ஊர்களில். உள்ளே ஒரு நாளைக்குக் கேட்கும் வாடகையில் ஊருக்குள் நல்ல விடுதியில் பல நாள் தங்கலாம்.

ஊரிலிருந்து வருபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் குறைவானதல்ல. பிரேசில் பக்கம் காலை ஒன்பது மணியளவில் வாயில் திறக்கிறது. அங்கிருந்து பூங்காவின் பேருந்து காட்டுக்குள் பத்து கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கும் இடத்திலிருந்து 1,200 மீட்டர் நடைபாதை, பள்ளத்தாக்கின் ஓரமாகவே இறங்கி, கடைசியில் ஆற்றின் மேல் நீட்டப்பட்ட நடைபாலத்தில் முடிகிறது. அர்ஜென்டினா பக்கம் சிறிய ரயிலில் போய் இறங்கி, ஆற்றின் கிளைகளுக்கு மேலாகவே 1,100 மீட்டர் நடந்தால் சாத்தானின் தொண்டையின் விளிம்பில் நிற்கலாம். இரண்டும் அருமையாகத் திட்டமிட்ட பாதைகள். ஆனால் 2019இல் பிரேசில் பூங்காவுக்கு மட்டும் வந்தவர்கள் 20 லட்சம் பேர். சராசரி போட்டால் நாளுக்கு ஐயாயிரத்துக்கும் மேல். இத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே ஐந்தாறு மணி நேரத்துக்குள், அந்த ஒரே 1,200 மீட்டரில்தான் நடக்கிறார்கள். நடைபாலத்தின் முனையில் கம்பியைப் பிடித்து நிற்க வரிசை. நின்றதும் பின்னாலிருப்பவர் படம் எடுக்க இடம் கேட்பார். பிளாஸ்டிக் மழைக்கோட்டு படபடக்கும் ஓசை தண்ணீர் ஓசைக்குக் குறுக்கே வரும். நீண்ட மூக்கும் வளையம் வளையமான வாலும் கொண்ட குவாட்டி என்னும் விலங்கு கூட்டமாக வந்து கையிலிருக்கும் தின்பண்டப் பையைப் பிடுங்கும். யார்மீதும் குறை சொல்வதற்கில்லை. எல்லோருமே அருவியை விரும்பி வந்தவர்கள். ஒரே குறை, எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதுதான்.

அந்த நேரம் அருவிக்குச் சிறந்த நேரமும் அல்ல. இதற்கு ரசனையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை, இயற்பியலே போதும். வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 டிகிரி தள்ளி விழுகிறது. சூரியன் தொடுவானத்துக்கு மேல் அந்த 42 டிகிரியைத் தாண்டி ஏறிவிட்டால், சமதரையில் நிற்பவருக்கு வானவில் என்பதே கிடையாது. இகுவாசுவில் சாரல் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து எழுவதால் நண்பகலிலும் வானவில் உண்டு. ஆனால் குழிக்குள் சிறு வில்லாகப் படுத்துக் கிடக்கும். சூரியன் தாழ இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் அது நிமிர்ந்து, அருவியின் முழு உயரத்துக்கும் மேலாக வளைந்து நிற்கும். பறவைகளின் கணக்கும் இதுவே. இந்த அருவிகளுக்குப் பின்னால், நீர்த்திரைக்கும் பாறைக்கும் இடையே உள்ள ஈரச்சுவரில் ஒருவகைக் கரும்பழுப்பு உழவாரன் கூடு கட்டுகிறது. அர்ஜென்டினாப் பூங்கா தன் சின்னமாகவே இந்தப் பறவையை வைத்திருக்கிறது. காலையில் கூட்டமாக வெளியே போய்ப் பூச்சி பிடித்து, மாலையில் ஆயிரக்கணக்கில் வட்டமிட்டுத் திரும்புகிறது. ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைக்காமல் விழுகிற தண்ணீருக்குள் நேராகப் பாய்கிறது. ஒரு கணம் வெள்ளைத் திரையில் கரும்புள்ளி. அடுத்த கணம் புள்ளியும் இல்லை. சற்றுக் கழித்துத் தண்ணீர் விலகும் இடுக்கில் பார்த்தால், பாறையில் ஒட்டி வரிசையாகத் தொங்கும் உடல்கள் தெரியும். வெளிச்சம் குறைந்துகொண்டே வரும்போது நடக்கிற காரியம் இது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க மணி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதன் தொடக்கம் மட்டுமே கிடைக்கும்.

பிரேசில் கரை ஓட்டலில் தங்குபவர், வாயில் திறக்கும் முன்பும் மூடிய பின்பும் அந்த 1,200 மீட்டரில் நடக்கலாம். வாடகையின் பெரும் பங்கு இந்த ஒரு வரிக்குத்தான் என்பது என் கணிப்பு. எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் ஒரே தண்ணீர்தானே, காலை முதல் பேருந்தில் ஏறிப்போனால் அதே காட்சி நுழைவுக் கட்டணத்தோடு முடியாதா என்று கேட்பார்கள். முதல் பேருந்து நல்ல யோசனைதான். பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். அது தருவது கூட்டம் சேருவதற்கு முந்திய சிறிது நேரம். அடுத்த பேருந்து பின்னாலேயே வந்துகொண்டிருக்கும் என்ற அவசரமும் கூடவே வரும். பேரருவியைப் பார்ப்பதில் முதல் கால் மணி நேரம் திகைப்பில் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் கண் நிதானப்பட்டு, எந்த அடுக்கில் தண்ணீர் பிரிகிறது, எந்தப் பாறையில் பாசி பிடித்திருக்கிறது, காற்று திரும்பினால் சாரல் எந்தக் கிளையை மறைக்கிறது என்று பார்க்கத் தொடங்குகிறது. அந்த இரண்டாம் பார்வைக்கு அவகாசம் வேண்டும். மாலையில் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் அதே இடத்தில் நிற்கக் கிடைப்பவருக்கு அது தானாக அமைகிறது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: அண்மை ஆண்டுகளில் பிரேசில் பூங்காவே விடியல் நேர நுழைவைச் சில நாட்களில் தனிச்சீட்டாக விற்கிறது. அந்த நாள் உங்கள் பயணத்தோடு பொருந்திவந்தால், தயங்காமல் அந்தச் சீட்டை வாங்கி, ஊரில் மலிவான விடுதியில் தங்கலாம். என் வாதம் நேரத்துக்காக, ஓட்டலுக்காக அல்ல.

இன்னும் ஆழமான ஆட்சேபம் நியாயம் பற்றியது. தேசியப் பூங்கா நாட்டு மக்களின் சொத்து. அதன் மிகச் சிறந்த இரண்டு பொழுதுகளைப் பணக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்குவது எப்படிச் சரி? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அருவிகளின் வரலாறே இதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. நயாகராவின் அமெரிக்கக் கரை 19ஆம் நூற்றாண்டில் தனியார் கையில் இருந்தது. வேலிகளும் ஆலைகளும் எழுந்து, காசு கொடுக்காமல் அருவியை எட்டிப் பார்க்கவே இடமில்லாமல் போயிற்று. பூங்கா வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் உள்ளிட்டோர் பல ஆண்டு போராடிய பிறகு, 1885இல் நியூயார்க் மாநிலம் அந்த நிலத்தைப் பொதுப் பூங்காவாக்கியது. இகுவாசுவிலும் இதே கதைதான். வானூர்தி முன்னோடியான பிரேசில்காரர் அல்பெர்ட்டோ சான்டோஸ் டூமோன் 1916இல் இங்கே வந்தார். அருவியை ஒட்டிய நிலம் ஒரு தனிமனிதருக்குச் சொந்தமானது என்று தெரிந்ததும், மாநிலத் தலைநகர் குரிச்சிபாவுக்கே போய் ஆட்சித் தலைவரைச் சந்தித்து, இது பொதுச் சொத்தாக வேண்டும் என்று வலியுறுத்தினார். அதே ஆண்டு ஜூலையில் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அரசாணை வந்தது; 1939இல் தேசியப் பூங்கா அமைந்தது. அவருடைய சிலை அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படிப் பொதுவாக்கிய இடத்தில், உலகப் பெரு நிறுவனம் ஒன்று நடத்தும் ஓட்டல் விடியற்காலையை விற்கிறது என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் நயாகரா வேலிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வேலி மற்றவர்களின் பார்வையைப் பறித்தது. ஓட்டல் விருந்தாளி விடியலில் நடப்பதால் பகலில் வருபவர் எதையும் இழப்பதில்லை. நிலமும் அரசுடையது, நிறுவனத்திடம் இருப்பது நடத்தும் உரிமை மட்டும். ஓட்டலைப் புறக்கணிப்பதால் வாயில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்துவிடப் போவதில்லை. வாயிலைத் திறக்கவைக்கும் வழி வேறு, அதற்கு முன்மாதிரி ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே இருக்கிறது. அர்ஜென்டினாப் பூங்கா ஒவ்வொரு மாதமும் பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில், அளவான எண்ணிக்கையில் சீட்டு விற்று, யார் வேண்டுமானாலும் நிலவொளியில் சாத்தானின் தொண்டைவரை நடக்க ஏற்பாடு செய்கிறது. சாரலில் நிலவு விழுந்து வில் தோன்றும். வெளிச்சம் போதாததால் கண்ணுக்கு அது வெண்மையாகத்தான் தெரியும். நிறங்களைப் பிரித்தறியும் கண் அணுக்கள் வேலை செய்ய அந்த ஒளி போதாது. இரவையே இப்படிப் பொதுவில் பகிர முடியும் என்றால் விடியலையும் முடியும். விடியல் சீட்டுகள் தினமும் வேண்டும், அதில் ஒரு பகுதி உள்ளூர் மக்களுக்குக் குறைந்த விலையில் வேண்டும். ஓட்டல் வாடகை கொடுக்க முடிந்தவர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

காட்டுக்குள் ஓட்டலே இருக்கலாமா என்பதற்கு நீண்ட விடை தேவையில்லை. இரண்டு பூங்காக்களும் சேர்ந்து 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அழிந்துபோன அட்லாண்டிக் காட்டின் மிச்சம் அது, ஜாகுவார் இன்னும் உலவுகிறது. இன்று அங்கே ஓட்டல் கட்ட யாராவது அனுமதி கேட்டால் மறுத்துவிட வேண்டும். ஏற்கெனவே இருப்பது ஒரு சாலையின் முடிவில், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது. யுனெஸ்கோ 1999இல் பிரேசில் பூங்காவை ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது, காட்டைக் குறுக்கே வெட்டிப்போகும் மூடப்பட்ட சாலை ஒன்றைச் சட்டவிரோதமாக மீண்டும் திறந்ததற்காகத்தான். சாலையை மூடிய பிறகு 2001இல் பட்டியலிலிருந்து எடுத்தது. உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது போதும்.

பணம் கட்டுபவர் உண்மையில் அஞ்ச வேண்டியது ஆற்றை. இகுவாசுவில் வழக்கமான நீர்வரத்து நொடிக்கு சுமார் 15 லட்சம் லிட்டர். 2014 ஜூனில் அது 4.6 கோடி லிட்டர்வரை போனது. 2023 அக்டோபரில் 2.4 கோடி. அத்தகைய நாட்களில் நடைபாலங்களை மூடிவிடுவார்கள். 2022 அக்டோபர் வெள்ளம் அர்ஜென்டினா பக்கத்தில் சாத்தானின் தொண்டைக்குப் போகும் பாலத்தையே பழுதாக்கிவிட்டது. மறுபுறம், 1978, 2006 வறட்சிகளில் பாறை மட்டுமே மிஞ்சிய நாட்களும் உண்டு. முன்பணம் கட்டி ஆயிரக்கணக்கான மைல் வந்து இதில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிக்கு இந்தக் கேள்விக்கு எளிய விடை உண்டு: அங்கே அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் ஏறக்குறைய வற்றிவிடும், அப்போது போகாதீர்கள். இகுவாசுவில் ஆண்டு முழுவதும் மழை உண்டு; நாள்காட்டி பார்த்து ஆபத்தைத் தவிர்க்க முடியாது. இங்கே ஒரே காப்பு, ஒரு பகலோடு முடித்துக்கொள்ளாமல் இரண்டு பகலாவது கையில் வைத்திருப்பது. ஒரே நாள் திட்டத்தோடு வருபவர் மூடிய பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உள்ளே தங்கியிருப்பவருக்கு மறுநாள் காலையும் இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோருக்கு அருகிலேயே ஒரு கசப்பான சாட்சி கிடக்கிறது. இதே வட்டாரத்தில், பரானா ஆற்றில் செட்டே கெடாஸ் என்ற பேரருவி இருந்தது. நீரளவில் இகுவாசுவைப் பலமடங்கு விஞ்சியது. இத்தாய்ப்பு அணை அதை மூழ்கடிக்கப் போகிறது என்று தெரிந்து கடைசியாகப் பார்க்க மக்கள் திரண்டார்கள். 1982 ஜனவரியில் தொங்கு நடைபாலம் ஒன்று அறுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் இரண்டே வாரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பி, அருவி இருந்த இடம் ஏரியாயிற்று.

எந்த அருவிக்கு இந்தச் செலவு கூடாது என்பதற்கும் நயாகராவே உதாரணம். அருவியைப் பார்த்த ஜன்னலுக்கென்று கூடுதல் வாடகை வாங்கும் பல மாடி ஓட்டல்கள் கனடா கரையில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அங்கே அருவியோர நடைபாதை இரவும் பகலும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. போதாததற்கு, அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்த ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நொடிக்கு 1 லட்சம் கன அடி தண்ணீர் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விட்டால் போதும், மீதி மின் உற்பத்திக்கு. ஜன்னலுக்கு அதிகம் கொடுத்தவர் இரவில் பார்ப்பது பாதி அருவியை. மலிவான அறையில் தங்கி, பகலில் கரையில் நடப்பவருக்கு முழு அருவி கிடைக்கிறது.

ஆகவே இகுவாசுவுக்குத் திட்டமிடுபவர்கள் பூங்காவுக்குள் ஓர் இரவு மட்டும் பதிவு செய்தால் போதும், அதையும் பிரேசில் கரையில் செய்யுங்கள். மற்ற இரவுகளை ஊரில் கழித்து, அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அர்ஜென்டினா கரை ஓட்டலிலிருந்து சாத்தானின் தொண்டையின் சாரல் தூரத்தில் தெரியும், இடமும் அழகு. ஆனால் அங்கே நடைபாலங்கள் பூங்காவின் நேரப்படிதான் திறக்கும் என்பதால், கூடுதல் நேரம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். உள்ளே தங்கும் நாளில் நண்பகலுக்குள் போய்ச் சேருங்கள். மாலையில் ஒரு நடை, விடியலில் ஒரு நடை என்று வைத்துக்கொண்டு, காலைச் சிற்றுண்டியைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு கரையையும் பார்க்க வேண்டும் என்றால் விசா விதிகளை இரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேசில் போய்த் திரும்புபவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசியைப் போடுகிறார்கள், போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும்.